ஏழாம் நம்பரை உலர்த்தாதே

பூலி
சிங்மிங் கல்லறை நாள் கழிந்து பத்தாம் நாள்

அன்பு மகள் ஜிங்ரூவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கும் உன் அப்பா உடம்புக்கும் குறையொன்றும் இல்லை. அங்கே உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று மண்சாமிக்கு மாதம் இரண்டு தடவை ஊதுவத்தி ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். உடம்பைத் தவிர வேறு எதுவும் இங்கே நலமாக இல்லை. அதை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் இருக்கும், கை வலிக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முதலில் வேலைக்கான விஷயம். போன செப்டம்பரில் நீ லைடன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன ஆறு புட்டிப் பொன்னிழைச் செடி இருக்கிறதே, ஏழாம் நம்பர் ரகம், அதை உலர்த்தாதே. போன மாதம் நடுவில் நான்தான் உனக்குச் செய்தி அனுப்பினேன், ஆறையும் உலர்த்திப் பொடித்துக் கிருமிச் சோதனையை முடித்து முத்திரை போட்ட சான்றிதழை உடனே அனுப்பு என்று. அதற்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். சரி, செய்கிறேன் என்பதா, சரி, பார்க்கலாம் என்பதா, சரி, நீ கத்திக்கொண்டே இரு என்பதா. இப்போது சொல்கிறேன், நான் சொன்னதைச் செய்யாதே. இன்னும் செய்யாமல் இருந்தால் அந்தப் புட்டிகளை விளக்கின் அடியிலேயே விட்டுவை, மூடியைத் திறக்காதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். எந்தப் போனில்? சான்றிதழ் வரவில்லையே என்ற ஆத்திரத்தில் ஒரே சாயங்காலம் பதினொரு குரல் செய்தி அனுப்பியது என் தப்புதான். அதற்குப் பிறகு நான் எது அனுப்பினாலும் படித்த குறி விழுவதில்லை. அழைத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. உன் மாமா மகன் வெய்ஹோங் நாளை மறுநாள் சைக்கிள் உதிரிபாகக் கண்காட்சிக்காக உன் ஊர்ப் பக்கம் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனை விட்டு உனக்கு ஒரு வரி அடிக்கச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் வாய் உனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று அவன் காதில் விழுந்தால், அவன் விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நமக்குப் போட்டியாக நாற்று விற்கிற ஹுவாங்குக்குத் தெரிந்துவிடும், மறுநாள் காலை நம்மிடம் வாங்குகிற தாய்ச்சுங் சோப்புக்காரருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் உறையைப் பசை போட்டு ஒட்டி மேலே நாடாவும் ஒட்டியிருக்கிறேன். நாடா பிரிந்திருந்தால் அவனைக் கேள்.

ஆமாம், போய்விட்டது. ஒரு புட்டி கூட இல்லை. இதை எழுதவே கூசுகிறது.

புது வருஷ விடுமுறை முடிந்து வளர்ப்பு அறையைத் திறந்தபோது மூன்றாம் தட்டில் நாலு புட்டியில் பூஞ்சை. விடுமுறைக்குப் பிறகு நாலு புட்டி போவது வழக்கம்தான் என்று எடுத்துக் கொதிகலனில் போட்டோம். அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம் எண்ணவில்லை. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று, பச்சைத் தூள் மாதிரி ஒன்று, செடி வேர்விட உன் அப்பா வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் கரியும் போட்டுக் காய்ச்சி ஊற்றுகிற அந்தக் கரிக்கஞ்சியின் மேல் படர்ந்து, பொன்னிழையின் இலையைத் தொட்டதும் இலை கருத்து, இரண்டு நாளில் தண்டு சாய்ந்துவிடும். நான் முதலில் உன் அப்பாவைப் பிடித்தேன். வாழைப்பழம் அழுகல், உருளைக்கிழங்கு சரியாக வேகவில்லை, கொதிகலனைச் சீக்கிரம் அணைத்துவிட்டு டிவி பார்க்கப் போயிருப்பீர்கள் என்றேன். அவர் பாவம், ஒரு வாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொதிகலனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சி வைத்த வெறும் கஞ்சிப் புட்டி இருபதை ஒரு மாதம் சும்மா வைத்துப் பார்த்தோம், ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை. அப்போது குற்றம் காய்ச்சுகிற இடத்தில் இல்லை, தண்டை வெட்டிப் புதுப் புட்டியில் வைக்கிற இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. வெட்டு மேசையில் உட்காருவது சாய்லியென். பதினெட்டு வருஷமாக அந்த மேசையில் இருக்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு கணுவுக்குக் கீழே கத்தி வைப்பாள். அவளைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

சந்தேகப்பட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்துப் பேர் எதிரில், கத்தியை நெருப்பில் காட்டுகிறாயா இல்லை கதை பேசிக்கொண்டே மறந்துவிடுகிறாயா என்று கேட்டேன். அவள் முகக்கவசத்தை இறக்கி, "முதலாளியம்மா, என் கையை வேணா சாராயத்துல ஊற வச்சுப் பாருங்க, பூஞ்சை வந்தா நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். நான் உடனே, "ஊறினது போதும், போற வழியைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்த பதில் அது. அன்றைக்கு அவள் போகவில்லை, போனது அதற்கு ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் நடந்தது.

இதற்கு நடுவில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கும். இத்தனை கிருமியைக் கொல்கிற செடி என்று நீயே பட்டம் வாங்கினாய், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாதா என்று. நீ சிரித்தாய். சிரித்துவிட்டு அந்தப் பொட்டலச் சண்டையை மறுபடி ஆரம்பித்தாய். அதையும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்திருந்து புளிக்க வைப்பானேன். உன் ஆராய்ச்சியில் இருந்த அந்தக் கிருமித் தட்டுப் படம், நடுவில் சின்ன வட்டக் காகிதம், அதில் ஏழாம் நம்பர்ச் சாறு, சுற்றிலும் சீழ்க் கிருமி முளைக்காமல் விட்ட தெளிந்த வளையம், பதினாலு மில்லிமீட்டர், அதைத் தேநீர்ப் பொட்டலத்தின் மேல் அச்சடித்தது நான்தான். பெற்ற மகள் எடுத்த படத்தை அச்சடிக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, தின்கிற பொருளின் மேல் நோய் தீரும் என்று எழுதக்கூடாது என்று பொட்டலத்தை எல்லாம் எடுக்கச் சொல்லி அபராதமும் போட்டார்கள். அதைவிட நீ போனில் சொன்னதுதான் எரிந்தது. "அம்மா, தட்டுல செத்தா வயித்துலயும் சாகும்னு அர்த்தமா? நெருப்பும்தான் கிருமியைக் கொல்லுது, கப்புல ஊத்திக் குடிப்பியா?" என்றாய். நான் சந்தையில் கூடை வைத்து உட்கார்ந்து வியாபாரம் கற்றவள், அந்த மாதிரி ஒரு பேச்சு வாடிக்கைக்காரரிடமிருந்து வந்திருந்தால் கைதட்டியிருப்பேன். மகளிடமிருந்து வந்ததால் பதினொரு குரல் செய்தி அனுப்பும் அளவுக்குப் புகைந்துகொண்டே இருந்தேன். நீ சொன்னது சரி. இப்போது அது பேச்சில்லை.

சோப்புக்காரரும் அதே நேரத்தில் இழுக்க ஆரம்பித்தார். அவருக்கு வேண்டியது தேநீர் இல்லை, வாய் கொப்பளிக்கிற மருந்தும் சோப்பும். மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் வேண்டாம், ஊரில் எல்லாரிடமும் கிடைக்கிறது, ஏழாம் நம்பர் நாற்று மட்டும் இலையுதிர் காலத்து நடவுக்கு வேண்டும், ஆனால் வெளிநாட்டுச் சோதனைத் தாள் ஒன்று இருந்தால் தேவலை என்றார். அதற்காகத்தான் உன்னை ஆறு புட்டியையும் உலர்த்தச் சொன்னேன். என் கணக்கு எளிமையானது, இங்கே புட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, உன்னிடம் இருக்கிற ஆறு போனால் என்ன. அதே கணக்கில்தான் நிழல்வலைக் கூடாரத்தில் ஆறு மாதம் வளர்ந்து முற்றியிருந்த ஏழாம் நம்பர்ப் பாத்தி முழுவதையும் புது வருஷத்துக்கு முன்னாலேயே பிடுங்கி அவருக்கே கொடுத்தேன். புட்டியில் விதை இருக்கும்போது மண்ணில் எதற்கு என்று உன் அப்பாவிடம் சொன்னது நான்தான். அவர் இரண்டு வரிசையாவது விட்டு வை என்றார். அவர் சொன்னால் நான் என்றைக்குக் கேட்டேன்.

மார்ச் கடைசியில் வளர்ப்பு அறையில் பாதிக்கு மேல் போய்விட்டது. புட்டியில் பூஞ்சை பிடித்தால் ஊரில் என்ன சட்டம் என்று உனக்குத் தெரியும், திறக்காதே, பார்க்காதே, அப்படியே கொதிகலன். பூஞ்சை பிடித்த தட்டில் பிடிக்காத புட்டி இருந்தாலும் அதுவும் கொதிகலன். நான் ஒரு நாள் காலை எழுந்து, இனி ஒன்று ஒன்றாகப் பொறுக்கிப் பயனில்லை, எல்லாவற்றையும் வேகவைத்துவிட்டு அறையைப் புகைபோட்டுக் கழுவி, மூன்றும் ஐந்தும் வெளியே வாங்கி, ஏழாம் நம்பரை மட்டும் பூஞ்சை பிடிக்காத புட்டியிலிருந்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது எல்லாவற்றையும் வேகவை என்பது மட்டும். சாய்லியென் தள்ளுவண்டியை நிறுத்தி, "முதலாளியம்மா, ஏழுல சுத்தமா தெரியற நாலு புட்டியைத் தனியா மாடியில வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். அந்த நேரம் சோப்புக்காரர் போனில் இருந்தார், நான் ஒரு கையால் போனை மூடிக்கொண்டு, "நான் சொன்னதை மட்டும் செய், உன் மூளையை ஒண்ணும் கேக்கல" என்றேன். அவள் தள்ளுவண்டியைக் கொதிகலன் பக்கம் திருப்பினாள். சொன்னதை மட்டும் செய்தாள். சாயங்காலம் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனவள் மறுநாள் வரவில்லை.

இதில் எனக்குப் பொறுக்க முடியாதது எது தெரியுமா. ஏழாம் நம்பர் எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவர்களிடம் நாம் ஒரு கதை சொல்கிறோமே, ஏழு முறை தேர்வு செய்து பொறுக்கியெடுத்த வம்சம் என்று, அது நான் கட்டியது. நடந்தது வேறு. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். ஒரு தடவை இதே மாதிரி பூஞ்சை வந்தபோது சாய்லியென் ஒரு புட்டியைக் கொதிகலனுக்கு அனுப்பாமல் ஏழாவது தட்டில் பின்னால் ஒளித்து வைத்தாள். அந்தப் புட்டியில் பூஞ்சை சுற்றி வந்து, செடிக்கு ஒரு விரல் தூரத்தில் யாரோ கோடு போட்டது போல நின்றுவிட்டது. மூன்றாம் நாளும் அங்கேயே, ஐந்தாம் நாளும் அங்கேயே. அவள் நுனியை மட்டும் வெட்டி, வெளுப்புத் தண்ணீரில் மூன்று தடவை அலசி, புதுப் புட்டியில் வைத்து இரண்டு மாதம் எனக்குத் தெரியாமல் வளர்த்தாள். கண்டுபிடித்தபோது நான் கத்தின கத்தலில் அவள் அழுதாள், நீ கூட விடுதியிலிருந்து வந்து சமாதானம் செய்தாய். பிறகு நீ அதே செடியை எடுத்துப்போய்க் கிருமித் தட்டில் வைத்துப் பார்த்து, மற்றதெல்லாம் புட்டியிலிருந்து எடுத்தவுடன் எட்டு மில்லிமீட்டர் வளையம், வெயில் காற்று பூச்சி எல்லாம் பார்த்து முற்றினால்தான் பதினாலு, இது மட்டும் புட்டிக்குள்ளேயே பதிமூன்று என்று ஓடிவந்தாய். ஆக, என் சொல்லை மீறினதால் வந்த செடி அது. என் சொல்லைக் கேட்டதால் போய்விட்டது. பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரே ஒரு தடவை மறுபேச்சில்லாமல் சொன்னதைச் செய்தாள், அது அன்றைக்கு.

அந்த ஏழிலும் பூஞ்சை பிடித்ததே, அது எப்படி என்று கேட்பாய். பிடித்தது கொஞ்சத்தில்தான். மற்றதில் பாதி அழிந்தபோது ஏழில் பத்துக்கு ஒன்றுதான் போயிருந்தது, சாய்லியென் எழுதி வைத்த நோட்டை இப்போது புரட்டிப் பார்த்தால் தெரிகிறது. அப்போது புரட்டவில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிரிப்பாய், சிரி. சிங்மிங்குக்கு முதல் நாள், கழுவித் துடைத்த வெறும் அறையில் உன் அப்பா ஏணி போட்டு ஏறி, தட்டுச் சட்டத்தின் உச்சியில் தொங்கிய பச்சைப் பையைக் கழற்றினார். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஊரில் எந்த இயந்திரத்தின் தலையிலும் அந்தத் தேங்காய்ப்பால் வாசனைச் சோளப்பொரிப் பை இருக்கும், அந்தப் பொரியின் பேருக்கே சமர்த்து என்று அர்த்தம் என்பதால் வைத்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும். நம் கொதிகலன் மேல் ஒன்று, வெட்டு மேசை மேல் ஒன்று, வளர்ப்பு அறையில் ஒன்று. பச்சைதான் வைக்க வேண்டும், தின்னக்கூடாது, தேதி முடியக்கூடாது. முதல் இரண்டும் நான் காப்பாற்றினேன். மூன்றாவதில்தான், நாம் என்ன தின்னப்போகிறோமா, இயந்திரத்துக்குத் தேதி படிக்கத் தெரியுமா என்று வருஷா வருஷம் புதுப் பை வாங்கவிடவில்லை. தேதி முடிந்து மூன்று வருஷம். அதுவும் யாரோ எடுத்துத் தின்றுவிடுகிறார்கள் என்று நானே பையின் மேல்முனையில் ஒரு ஆணி அடித்து மாட்டினேன். அந்த ஆணி ஓட்டை போதும். உன் அப்பா பையைக் கீழே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், ஓட்டை வழியாக இத்தனை தூள் கொட்டியது. அவர் கையால் ஒதுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, "ஏய், இந்தத் தூள் நடக்குதுடி" என்றார்.

நான் வேர் பார்க்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் உண்ணி. ஊசிமுனைகூட இல்லாத வெள்ளை உண்ணி, பொரியைத் தின்று பெருகி, பூஞ்சைத் தூளை முதுகில் சுமந்துகொண்டு, சட்டத்தின் வழியாக இறங்கி, மூடியின் பஞ்சு வழியாகப் புட்டிக்குள் புகுந்திருக்கிறது. சாய்லியென் நோட்டில் ஒரு இடத்தில் எழுதியிருந்தாள், பூஞ்சை நடுவிலிருந்து வரவில்லை, புட்டிக் கழுத்திலிருந்து காலடி போலப் புள்ளி புள்ளியாக வரிசையாக வருகிறது என்று. கத்தி அழுக்காக இருந்தால் வெட்டின இடத்தில்தான் முதலில் வர வேண்டும். அவள் எழுதிவைத்தாள், என்னிடம் காட்டக்கூட வந்தாளாம், நான் போனில் இருந்தேனாம். மூன்று பையையும் கொதிகலனில் போட்டு வேகவைத்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் பத்துக் காசுச் சாமானில் நான் பிடித்த சிக்கனம் இது. ஊருக்கே செடியின் தரம் பார்த்துச் சொல்கிறவள், என் தலைக்கு மேலே தொங்கினதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே நிழல்வலைக் கூடாரத்துக்குப் போய் மேசைக்கு அடியில் எல்லாம் தவழ்ந்து தேடினேன், ஏழாம் நம்பரில் ஒரு தண்டாவது விழுந்து வேர் பிடித்திருக்காதா என்று. உன் அப்பா டார்ச் பிடித்தார். ஒரு தண்டு கிடைத்தது. சந்தோஷத்தில் குழாயடிக்கு ஓடினேன். கழுவிப் பார்த்தால் இலை நரம்பு நடுவில் மூன்றாகப் பிரிகிறது, மூன்றாம் நம்பர். சோப்புக்காரரிடம் ஏதோ சாக்கு வைத்து, கொடுத்ததில் பச்சையாக ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன், எல்லாம் அரைத்தாயிற்றே, ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் சாய்லியென் இருக்குமிடம் போனேன். ஹுவாங்கிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன், போகவில்லை, அவள் கொழுந்தன் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று நீர்மூங்கில் குருத்து அறுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்டேன், காது கேட்காத மாதிரி அறுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன், இறங்கினதும் தொடை வரைக்கும் சேறு. அப்போதுதான் திரும்பி, "பாத்து வாங்க முதலாளியம்மா, கீழ பாம்பு இருக்கும், அதுக்கும் உங்களைப் பாத்தா பயமா இருக்கும்" என்றாள். பை விஷயத்தைச் சொன்னேன். ஆணி அடித்ததையும் சொன்னேன், அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அறுத்த குருத்துகளைக் கட்டினாள். பிறகு, "உங்க வாய் மேல ஒரு பச்சைப் பை கட்டித் தொங்க விடணும், தேதி முடியாததா பாத்து" என்றாள். மன்னித்துக்கொள் என்று நான் சொன்னேன், ஜிங்ரூ. நான் அந்த வார்த்தையை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் அவர் பயந்துவிடுவார். நாளைக்கு வருகிறாயா என்றேன். "வந்து என்ன வெட்டறது? ஏழு இல்லாத மேசையில நான் உக்காரமாட்டேன். பாப்பாகிட்ட ஆறு இருக்கே, அது வரட்டும், நானும் வர்றேன்" என்றாள். உன்னிடம் இருப்பது எனக்கு ஞாபகமே இல்லை என்று நினைத்தாள் போல. நான் உன்னை உலர்த்தச் சொன்னதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதை மட்டும் மறைத்துவிட்டேன்.

ஆகவே நிலைமை இது. ஏழாம் நம்பர் உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்பது உன் அறை விளக்கின் அடியில் இருக்கிறது. ஆறும் வேண்டாம், ஒரு புட்டி போதும், ஒரு புட்டியில் ஒரு கணு பச்சையாக இருந்தால் சாய்லியென் அதை இலையுதிர் காலத்துக்குள் ஐந்நூறாக்குவாள், அடுத்த வருஷம் ஐம்பதாயிரம். சோப்புக்காரரிடம் ஒரு பருவம் பொறுக்கச் சொல்லி நான் பேசிக்கொள்கிறேன், அது என் தொழில். செப்டம்பரில் ஊற்றிய கஞ்சி இந்நேரம் வற்றி ஓரம் சுருங்கியிருக்கும், செடி மஞ்சளடித்திருந்தால் பயப்படாதே, உன் ஆய்வுக்கூட மேசையில் புதுக் கஞ்சிக்கு மாற்று, வாழைப்பழமும் கரியும் கிடைக்காவிட்டால் அங்கே இருக்கிற வெறும் ஜெல்லியே போதும். வெய்ஹோங் பன்னிரண்டு நாள் அங்கே இருப்பான், திரும்பும்போது அவனிடம் கொடுத்தனுப்பு. மூடின புட்டியில் இருக்கிறவரை எல்லையில் தொந்தரவு இல்லை என்று இங்கே விசாரித்துவிட்டேன், ஆனாலும் வேண்டிய தாளை நீயே கேட்டு வாங்கிக் கொடு, அவன் கேட்கமாட்டான். பெட்டியில் சாக்ஸுக்குள் சொருகி நிமிர்த்தி வைக்கச் சொல். உள்ளே என்ன என்று வெய்ஹோங் கேட்டால் அம்மாவின் இருமல் மருந்து என்று சொல். எல்லாவற்றையும் அனுப்பாதே, இரண்டு உன்னிடம் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிற புத்தி எனக்குப் போதும், உனக்கு வேண்டாம்.

உலர்த்தியாகிவிட்டது என்றால் அதையும் எழுது. ஆறுதலாக ஒன்றும் சேர்க்காதே, நேராக எழுது. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, சொன்னவள் நான், கேட்டவள் நீ. அப்படியென்றால் நான் மறுபடி சேற்றில் இறங்கிச் சாய்லியெனிடம் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டு விஷயம். உன் அப்பாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஏணி ஏறுகிறார். உன் மாமி புது வீட்டுக்குப் போய்விட்டாள், குளியலறை நம் வளர்ப்பு அறையை விடப் பெரிது, பார்க்க வந்தவர்கள் எல்லாரையும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறாள். கல்லறைக்குப் போனபோது தாத்தாவுக்கு உன் பேரையும் சொல்லித்தான் கும்பிட்டோம். நீ படத்தில் காட்டின அந்த உயரமான பையன் உருளைக்கிழங்கு தவிர வேறு ஏதாவது சாப்பிடுவானா, உன் அப்பா கேட்கச் சொன்னார், எனக்கு அக்கறை இல்லை. நீயும் குளிரில் பச்சை ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, வெய்ஹோங்கிடம் அரிசி நூடுல்ஸ் நாலு கட்டும் காய்ந்த காளானும் கொடுத்திருக்கிறேன், எலும்பு போட்டுச் சூப் வைத்துக் குடி. பழைய பொட்டலத்தை எல்லாம் கொதிகலனுக்கு அடியில் எரித்தாயிற்று. புதுப் பொட்டலத்தில் செடியின் படம் மட்டும்தான், உன் வளையம் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பச்சைப் பையும் வருகிறது. நேற்று வாங்கினது, தேதி பார்த்துத்தான் வாங்கினேன், பத்து மாதம் இருக்கிறது. உன் கணினி மேல் வைத்துக்கொள். புட்டி இருக்கிற அறையில் வைக்காதே. பசித்தால் தின்றுவிடு, ஒன்றும் ஆகாது.

மண்சாமியும் தாத்தாவும் உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். நீ நடக்கத் தொடங்கின நாளிலிருந்து சமர்த்தாயிரு, சமர்த்தாயிரு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அன்றிலிருந்து இன்றுவரை நான் சொன்ன ஒன்றையும் நீ கேட்டதில்லை. பள்ளிக்குக் குடை எடுத்துப் போகச் சொன்னால் எடுக்கமாட்டாய், கணக்கு படி என்றால் கிருமி படித்தாய், இங்கேயே இரு என்றால் லைடன் போனாய். இத்தனை வருஷம் அதற்காக உன்னைத் திட்டினேன். இந்த ஒரு தடவையும் நீ கேட்டிருக்கமாட்டாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கட்டைவிரல் அனுப்பாதே, எழுது.

உன் அம்மா
பான் யுவேஜியாவ்